வாசல்ல போய்ப் பாருங்க ஸார்!

கறுப்பு ஸாக்ஸுக்கும் நேவி ப்ளூ ஸாக்ஸுக்கும் வித்தியாசம் எங்கே தெரியும்?

காலை எட்டேகாலுக்கு பெட்ரூமில் தெரியாது. இரண்டையும் உதறி, முகர்ந்து (அது வேறு பரிசோதனை), ஜோடி சேர்த்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் அபூர்வமாக ஜன்னலோர ஸீட் கிடைத்து, கால்மேல் கால் போட்டு உட்காரும்போதுதான் தெரியும். இடது கால் கறுப்பு, வலது கால் நீலம். எதிர் ஸீட் பெண்மணி பார்வையை மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே திருப்பிக்கொள்வார்.

ரொம்ப வருஷமாக இதற்கு என் தூக்கக் கலக்கத்தைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான குற்றவாளி தலைக்கு மேலே ஹோல்டரில் தொங்கிக்கொண்டிருந்தான் என்று தெரிந்துகொள்ள, ஒரு ப்ளவுஸும் ஒரு ஆஸ்பத்திரியும் தேவைப்பட்டன.

முதலில் ப்ளவுஸ்.

போன வருஷம் தை மாசம் மச்சினன் கல்யாணம். வீட்டம்மா அரக்கு கலரில் பட்டுப் புடவை எடுத்து வைத்திருந்தாள். கூட வந்த ப்ளவுஸ் துணியில் ஜரிகை ஜாஸ்தி, உடம்பை உறுத்தும், மேட்சிங்காகத் தனியே ஒரு பிட் வேண்டும் என்றாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாசம். ரங்கநாதன் தெரு நெரிசலில் அலைய முடியாது. எனவே புடவையும் நானும் தி. நகர் போனோம்.

மேட்சிங் சென்டர் போயிருக்கிறீர்களா? பிரம்மச்சாரிகள் ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது. பிற்காலத்தில் அதிர்ச்சி குறையும். தரையிலிருந்து கூரை வரை துணி. 'சிவப்பு' என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற சமாசாரம் அங்கே ஒரு சுவர் முழுக்க அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. அரக்கு, மெரூன், குங்குமம், தக்காளி, செங்கல், மாதுளை... நாம் பார்த்தால் எல்லாம் சிவப்பு. அவர்கள் பார்த்தால் எல்லாம் வேறு.

கவுன்ட்டரில் இருந்த பெரியவர் முந்தானையைப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒரு துணியை இறக்கினார். "இது சேரும்போல இருக்கு. எதுக்கும் வாசல்ல போய்ப் பாருங்க ஸார்" என்றார்.

"மணி எட்டாச்சே, வாசல்ல என்ன தெரியும்?"

"அப்ப நாளைக்குப் பகல்ல வாங்க."

வியாபாரத்தை நாளைக்குத் தள்ளிப்போடுகிற கடைக்காரரை தி. நகரில் அன்றுதான் பார்த்தேன். ஆபீஸில் இன்னொரு பர்மிஷன் யார் கேட்பது? "ரெண்டும் ஒண்ணுதான், வெட்டுங்க" என்று சொல்லிவிட்டேன்.

வீட்டு பெட்ரூம் பல்பில் வைத்துப் பார்த்தோம். அச்சாக ஒன்று. வீட்டம்மாவே மெச்சினாள். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கிடைத்த முதல் பாராட்டு. தேதி குறித்து வைத்திருக்கிறேன்.

கல்யாணத்தன்று காலை ஏழரை மணி. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றாள். தை மாச வெயில் பளீரென்று மேலே விழுந்தது. புடவை அரக்கு. ப்ளவுஸ் காபிப்பொடி!

டெய்லரிடம் போய்ச் சண்டை போட்டேன். "நான் கான்ட்ராஸ்ட்டா கொடுத்திருக்கீங்கன்னு நினைச்சேன் ஸார்" என்றார். துணி 190, லைனிங் 60, தையல் கூலி 600. மொத்தம் 850 ரூபாய் நஷ்டம். ஆல்பத்தில் நிரந்தரமாகப் பதிந்துவிட்ட நஷ்டத்துக்கு மதிப்பில்லை. பி.காம். படித்தவன் ஆகையால், எதிர்பாராத செலவு என்று எழுதிக் கணக்கை மூடிவிட்டேன். பாடம் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை.

* * *

ஆனி மாசம் குழந்தை பிறந்தது. பெண். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

பச்சைக் குழந்தைக்குக் காற்று படக்கூடாது என்று மாமியார் உத்தரவு. பெட்ரூம் ஜன்னலைச் சாத்தி, கனமான ஸ்க்ரீனும் போட்டாயிற்று. இரவு பகல் எந்நேரமும் அதே பல்புதான். ஒன்பது வாட்ஸ், கூல் டே லைட், ஆபரில் வாங்கியது. அந்த வெளிச்சத்தில் நாங்கள் எல்லோருமே ஒரு மாதிரி வெளிறித்தான் தெரிந்தோம். அதனால் குழந்தை மட்டும் வித்தியாசமாகத் தெரியவில்லை. "அப்படியே அப்பா ஜாடை, அப்பா கலர்" என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் காலை ஊரிலிருந்து அம்மா வந்தாள். பேத்தி முகத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். மாமியார் 'காத்து, காத்து' என்று பின்னாலேயே ஓடினார். போன வேகத்தில் அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"டேய், இங்க வாடா. குழந்தை கண்ணு மஞ்சளா இருக்கே, நீ பாக்கலியா?"

பார்த்தேன். கண் மட்டுமல்ல, முகம், மார்பு எல்லாம் மஞ்சள். அதே குழந்தைதான். முந்தின ராத்திரி முழுக்க என் மடியில் இருந்த குழந்தை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். பிலிருபின் ஏறியிருந்தது. பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை சகஜம்தான், நிறையக் குழந்தைகளுக்குத் தானே சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆனால் அளவு ரொம்ப ஏறினால் மூளையைப் பாதிக்கும், அதனால் அலட்சியமாக விடுவதில்லை என்றும் சொன்னார். கண்ணைக் கட்டி, நீல வெளிச்சத்துக்கு அடியில் இரண்டு நாள் வைத்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அளவு இறங்கியது. இப்போது நன்றாக இருக்கிறாள். என் கண்ணாடியை இரண்டு முறை உடைத்திருக்கிறாள்.

டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுக்கும்போது நர்ஸம்மா சொன்னார்: "குழந்தையை தினம் ஜன்னல்கிட்ட, பகல் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. நெத்தியில விரலால லேசா அழுத்தி எடுத்தா உள் கலர் தெரியும். லைட் வெளிச்சத்தை நம்பாதீங்க."

தி. நகர் பெரியவர் ஆறு மாசம் முன்னாலேயே இதைத்தான் சொன்னார்.

பழி முழுவதையும் பல்பின் தலையில் போட நான் தயாரில்லை. ஜன்னலை அடைத்தவர்கள் நாங்கள். எவ்வளவு நல்ல பல்பு மாட்டியிருந்தாலும் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், சந்தேகம் என்றால் ரத்தப் பரிசோதனைதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் விளக்கின் தரத்துக்கும் நோயாளியின் நிறத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து உடம்பு நீலம் பாய்வதைக் கண்டுபிடிக்க உதவுமா என்று ஆஸ்பத்திரி விளக்குகளைச் சோதிக்கவே ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தனி அளவுகோல் வைத்திருக்கின்றன. ஒரு தேசம் உட்கார்ந்து யோசித்த விஷயத்தை நான் 'ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்' என்று வாங்கி வந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததை காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன்.

* * *

ஒரு பொருளுக்கு நிறம் என்பது பாங்க் அக்கவுண்ட் மாதிரி. போட்ட பணத்தைத்தான் எடுக்க முடியும். தக்காளி சிவப்பாகத் தெரிய வேண்டுமானால் அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் சிவப்பு இருக்க வேண்டும். அதைத்தான் தக்காளி நம் கண்ணுக்குத் திருப்பித் தருகிறது. சிவப்பே போடாமல் சிவப்பைக் கேட்டால் தக்காளி எங்கே போகும்?

சூரிய வெளிச்சத்தில் வானவில்லின் எல்லா நிறமும் உண்டு. பழைய குண்டு பல்பிலும் உண்டு. டங்ஸ்டன் இழை சுட்டுப் பழுத்து எரிவதால் எல்லா நிறமும் தொடர்ச்சியாக வரும். நீலம் கம்மி, சிவப்பு தாராளம். குண்டு பல்புக் காலத்து வீடுகளில் சாப்பாடும் மனிதர்களும் கொஞ்சம் கூடுதலாகவே களையாக இருந்ததற்கு இது ஒரு காரணம். மீதிக் காரணம் நம் வயசு.

எல்.இ.டி. வேறு ஜாதி. உள்ளே இருக்கிற சில்லு தருவது நீல வெளிச்சம். அதன்மேல் பாஸ்பர் என்ற ஒரு பூச்சு. நீலத்தில் ஒரு பகுதியை அது மஞ்சளாக மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் கலந்து வரும்போது கண் ஏமாந்து 'வெள்ளை' என்கிறது. பார்க்க வெள்ளைதான். ஆனால் விலை மலிந்த பல்புகளில் ஆழ்ந்த சிவப்புக்குப் போதிய பாலன்ஸ் இருக்காது. பச்சை நீலத்திலும் ஒரு பள்ளம் இருக்கும்.

இரண்டு துணிகளின் சாயம் வேறு வேறாக இருந்தால், ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிஸம் என்று பெயர். என் மச்சினன் கல்யாண ஆல்பத்தில் உதாரணப் படம் இருக்கிறது.

எல்.இ.டி.யைத் திட்ட நான் வரவில்லை. நீல எல்.இ.டி.யைக் கண்டுபிடித்த அகஸாகி, அமானோ, நகமுரா என்ற மூவருக்கு 2014-ல் பௌதிக நோபல் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான். தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 60 வாட்ஸ் குண்டு பல்பு வருஷத்துக்குச் சுமார் 110 யூனிட் சாப்பிடும். 9 வாட்ஸ் எல்.இ.டி. 16 யூனிட்டோடு எழுந்துவிடும். 2015 ஜனவரியில் மத்திய அரசு ஆரம்பித்த உஜாலா திட்டத்தில் மட்டும் 36 கோடிக்கும் மேலான பல்புகள் வீடுகளுக்குப் போயிருக்கின்றன. இன்னொரு விஷயம். என் பெண்ணைக் குணப்படுத்தின அந்த நீல வெளிச்சம் இருக்கிறதே, இப்போதைய கருவிகளில் அதுவும் எல்.இ.டி.தான்!

சமாசாரம் இதுதான்: வாட்ஸைப் பார்த்தோம், விலையைப் பார்த்தோம், வாரன்ட்டியைப் பார்த்தோம். நிறத்தை யாரும் பார்க்கவில்லை.

* * *

நிறத்துக்கும் மார்க் ஷீட் உண்டு. பெயர் சி.ஆர்.ஐ. கலர் ரெண்டரிங் இண்டெக்ஸ். டப்பாவில் சில கம்பெனிகள் 'ஆர்.ஏ.' என்றும் போடுவார்கள். முழு மார்க் 100. குண்டு பல்புக்குக் கிட்டத்தட்ட நூறு. வீட்டு எல்.இ.டி.களில் சாதாரணமாக 80. தெருக்களில் முன்பு ஆரஞ்சு நிறத்தில் எரிந்த சோடியம் விளக்குகளுக்கு இருபது சொச்சம். அதன் கீழே நிறுத்தின சிவப்பு பைக்கைத் தேடி நீங்களும் ஒரு நாள் அலைந்திருப்பீர்கள்.

எண்பது என்றால் டிஸ்டிங்ஷன் ஆயிற்றே என்று சந்தோஷப்படாதீர்கள். இங்கேதான் பரீட்சை முறையில் ஓட்டை. இந்த மார்க் எட்டு நிறங்களின் சராசரி. எட்டும் வெளுத்த, சாதுவான நிறங்கள். ஆழ்ந்த சிவப்பு அந்த எட்டில் கிடையாது. அது ஒன்பதாவது பேப்பர். ஆர்-9 என்று பெயர். சராசரியில் சேராது. 80 வாங்கின பல்பு ஒன்பதாவது பேப்பரில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வாங்குவது சர்வ சாதாரணம். மைனஸ் மார்க்கும் உண்டு.

நம் ஊர் வீட்டில் எதெல்லாம் சிவப்பு? குங்குமம், தக்காளி, மிளகாய்த்தூள், பட்டுப் புடவை, தோலுக்கு அடியில் ஓடுகிற ரத்தம். நாம் தினம் பார்க்கிற முக்கால்வாசி விஷயம் ஒன்பதாவது பேப்பரில்தான் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். டப்பாவில் 3000 கே., 4000 கே., 6500 கே. என்று போட்டிருப்பது கெல்வின். வெளிச்சம் மஞ்சள் சாயலா, வெள்ளையா, நீலம் கலந்த வெள்ளையா என்பதை அது சொல்லும். நிறங்களை ஒழுங்காகக் காட்டுமா என்பதைச் சொல்லாது. 6500-ல் மட்டமான பல்பும் உண்டு, உயர்ந்த பல்பும் உண்டு. பளிச்சென்ற வெள்ளைதான் நிஜ நிறம் காட்டும் என்று நினைப்பது, சத்தமாகப் பேசுகிறவர் உண்மை பேசுகிறார் என்று நம்புவதைப் போல.

பி.இ.இ. நட்சத்திரங்களும் இதில் உதவாது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு வெளிச்சம் என்கிற சிக்கனக் கணக்கு அது.

* * *

படித்ததை எடுத்துக்கொண்டு தெருக்கோடி எலெக்ட்ரிகல் கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, சி.ஆர்.ஐ. தொண்ணூறுக்கு மேல பல்பு இருக்கா?"

"அது எந்தக் கம்பெனி தம்பி?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "நம்மகிட்ட எல்லாப் பல்பும் எல்லாக் கலரையும் காட்டும் தம்பி" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டப்பாக்களின் பக்கவாட்டுப் பொடி எழுத்துகளை இருவரும் படிக்க ஆரம்பித்தோம். எழுபது, எண்பது, எண்பது. சிலவற்றில் ஒன்றுமே காணோம். 'நேச்சுரல் கலர்' என்று பெரிய எழுத்தில் போட்டு, நம்பர் போடாத டப்பாவை நான் நம்பவில்லை. மார்க் ஷீட் காட்டாத பையனை எந்த ஆபீஸில் நம்புவார்கள்? கடைசியில் மேல் தட்டில் தூசி படிந்த ஒரு டப்பாவில் 'சி.ஆர்.ஐ. 90க்கு மேல்' என்று இருந்தது. 10 வாட்ஸ், 4000 கே. சாதாரணம் 90 ரூபாய், இது 260.

"இத்தனை காசா?" என்றார் அண்ணாச்சியே.

டெஸ்ட் பண்ணும் பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டச் சொன்னேன். முதலில் என் உள்ளங்கையை நீட்டினேன். எண்பதில் கை சாம்பல் பூசின மாதிரி. தொண்ணூறில் ரத்தம் ஓடுகிற கை. அண்ணாச்சி கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குக் கீழிருந்த குங்குமச் சிமிழை எடுத்து வந்தார். எண்பதில் செங்கல்பொடி. தொண்ணூறில் குங்குமம். "அட, சாமி படத்துக்கு ஒண்ணு நானே மாட்டிக்கிடுதேன்" என்றார். ஐந்து கேட்டேன், அவருக்கு ஒன்று எடுத்துக்கொண்டு நான்குதான் தந்தார்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

ஒன்று, டப்பாவில் சி.ஆர்.ஐ. 90 அல்லது அதற்கு மேல் என்று நம்பரோடு இருக்க வேண்டும். ஆர்-9 போட்டிருந்தால் 50-க்கு மேல் பாருங்கள். போடாவிட்டால் குங்குமமோ தக்காளியோ கையில் எடுத்துப் போங்கள்.

இரண்டு, லூமனைப் பாருங்கள். சிவப்பைச் சேர்ப்பதால் அதே வாட்ஸில் வெளிச்சம் ஒரு பிடி குறையலாம். 9 வாட்ஸ் இடத்தில் 10 வாட்ஸ் வாங்கினால் சரியாகிவிடும்.

மூன்று, கெல்வின் உங்கள் இஷ்டம். 3000 கே. பல்பு 95 மார்க் வாங்கியிருந்தாலும், பழைய குண்டு பல்பு காட்டுகிற மாதிரிதான் காட்டும். வெயிலில் காட்டுகிற மாதிரி அல்ல. துணி மேட்ச் பார்க்கிற இடத்துக்கு 5000-க்கு மேல் உள்ளதில் நல்ல மார்க் வாங்கினது உத்தமம்.

நான்கு, வீடு முழுக்க மாற்ற வேண்டாம். துணி பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, அடுப்படி, சாப்பிடும் இடம், குழந்தை இருக்கும் அறை. இவ்வளவு போதும். மாடிப்படிக்கும் மோட்டார் ரூமுக்கும் எண்பதே அதிகம். மேன்ஷனில் ஒற்றை பல்போடு குடித்தனம் நடத்தும் சகோதரர்களுக்குப் பிரச்னையே இல்லை. ஒன்று மாற்றினால் வீடே மாறிவிடும்.

கணக்கு கேட்பீர்கள். பல்புக்கு 170 ரூபாய் அதிகம். நான்குக்கு 680. ஒரு வாட்ஸ் கூடுதல் என்பதால் தினம் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு பல்புக்கு வருஷம் இரண்டு யூனிட்கூட ஆகாது. யூனிட் ஆறு ரூபாய் என்று வைத்தாலும் 11 ரூபாய்; நான்குக்கும் சேர்த்து 44. இந்தப் பக்கம் ஒரு ப்ளவுஸ், 850. அங்கேயே கணக்கு நேராகிவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் அம்மா வந்த பஸ் லேட்டாகியிருந்தால் என்ற அயிட்டத்தை எந்தக் காலத்தில் எழுதுவது என்று எனக்கு பி.காம்.மில் சொல்லித் தரவில்லை.

* * *

முதல் பல்பை பெட்ரூமில் மாட்டி, பெருமையாக ஸ்விட்சைப் போட்டேன்.

சுவரில் நாங்கள் 'ஐவரி' என்று நினைத்து வாழ்ந்த பெயின்ட், பீரோவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிறம், இந்தப் பக்கம் ஒரு நிறம் என்று தெரியவந்தது. என் ஆபீஸ் வெள்ளைச் சட்டைகள் மூன்றில் ஒன்றுதான் வெள்ளை. கறுப்பு ஸாக்ஸ்களில் நாலு நேவி ப்ளூ. குழந்தை மட்டும் ரோஜாப்பூ மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கிய என் பக்கம் திரும்பினாள். கண்ணில் ஒரு கனிவு. இரண்டாவது பாராட்டுக்குத் தேதி குறிக்கத் தயாரானேன்.

கிட்டே வந்து, என் காதோரம் உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இவ்வளவு நரையா உங்களுக்கு?"

"அதெல்லாம் இல்ல, பல்பு புதுசு."

"எங்க, வாசல்ல வாங்க பாப்போம்" என்றாள்.